குதிரையின் வெள்ளைக் கால்: மஞ்சள் கறை போகவே மாட்டேங்குது, ஷோவுக்கு எட்டு நாள்தான் இருக்கு

செங்குதிரை:

வணக்கம். செந்நிறக் குதிரை. பின்னங்கால் ரெண்டும் ஹாக் மூட்டுக்கு (பின்னங்கால் நடுவுல இருக்கிற பெரிய மூட்டு) கொஞ்சம் கீழே வரைக்கும் வெள்ளை. முன்னங்காலில் இடதுகால் மட்டும் ஃபெட்லாக் (குளம்புக்கு மேல இருக்கிற மூட்டு) வரை வெள்ளை. அடுத்த ஞாயிறு ஷோ, நடுவர் முன்னாடி குதிரையை நிறுத்திக் காட்டணும்.

சாதா ஷாம்பு போட்டா சேறு போயிடுது. ஆனா பின்னங்காலின் வெளிப்பக்கம் மஞ்சளா ஒரு படலம் அப்படியே நிக்குது. காய்ஞ்ச பிறகு இன்னும் நல்லாவே தெரியுது. குளம்புக்கு மேலே பின்பக்கக் குழியில், முடிக்கு அடியில், சின்னச் சின்னப் பொருக்கும் இருக்கு.

தெரிய வேண்டியது இதுதான்: ஊதா ஷாம்பு எவ்வளவு நேரம் விடணும்? கொஞ்சம் பெராக்சைடோ பிளீச்சோ சேர்க்கலாமா? கிளிப்பர் (முடி வெட்டுற மிஷின்) போடறதா இருந்தா எப்போ போடணும்? முந்தின நாள் கழுவி விட்டா ராத்திரி சாணத்திலேயே படுத்து எழுந்திருக்குமே, அதுக்கு என்ன வழி?

லாயவாசி:

பிளீச் பத்தி முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுதான் ஆபத்து. குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். வெள்ளை முடிக்கு அடியில இருக்கிறது நிறமி இல்லாத இளஞ்சிவப்புத் தோல், சட்டுனு வெந்துபோகும். அதோட கால்ல சிறுநீர் ஊறியிருந்தா அந்த அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்து குளோரமைன் வாயு கிளம்பும். பிளீச் போட்ட இடத்திலேயே வினிகர் ஊத்தினா குளோரின் வாயு வரும். ரெண்டுமே உங்க மூச்சுக்கும் குதிரை மூச்சுக்கும் கெடுதல். 3 சதவீத பெராக்சைடு அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனா அது முடியோட மேற்செதிலைத் திறந்து விட்டுடும். இன்னிக்கு வெளுப்பாத் தெரியும், அடுத்த தடவை சிறுநீர் பட்டா முன்னைவிட வேகமா உள்ள இறங்கும். தோலும் வறண்டு வெடிக்கும். பொருக்கு இருக்கிற கால்ல அதைத் தொடவே தொடாதீங்க.

அடுத்தது, எந்தக் கறைன்னு பிரிச்சுப் பாருங்க. செம்மண் கறைங்கிறது முடிமேல ஒட்டியிருக்கிற இரும்பு ஆக்சைடுத் துகள். நனைச்சா அது தோல் வரைக்கும் இறங்கிடும். அதனால நல்லாக் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால முடி போற போக்கிலேயே தட்டி எடுத்துட்டு அப்புறம்தான் தண்ணி. புல் கறை பச்சையா முழங்கால், ஹாக் பக்கம் இருக்கும். பஞ்சுல சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு, கறை இருக்கிற முடியில மட்டும் ஒத்தி எடுத்து உடனே கழுவுங்க. தோல்ல இறங்கினா எரியும்.

உங்க குதிரைக்கு இருக்கிறது சிறுநீர், சாணக் கறை. அமோனியா பட்டு முடி உப்பி, நிறம் உள்ளேயே போயிருக்கு. அதனாலதான் எத்தனை நுரை வந்தாலும் போகலை. புதுசா ஊறினது ரெண்டு மூணு கழுவல்ல பெரும்பாலும் இறங்கிடும். பழசு முழுசா இறங்காது, மிச்சத்தை ஊதா ஷாம்பு கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா, ரெண்டும் சேர்ந்தா வெள்ளையாத் தெரியும். அது அழுக்கை எடுக்கிற பொருளே இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற முடியில போட்டா நிறம் சீராப் பிடிக்காது. அதனால முதல் கழுவலுக்குத்தான் நேரம் செலவழிக்கணும்.

முதல் கழுவல் இப்படி: வெதுவெதுப்பான தண்ணி, கை தாங்குற சூடு போதும். பச்சைத் தண்ணியில பிசுக்கு கரையாது. ஹோஸ் பைப்பைக் குளம்புல ஆரம்பிச்சு மெதுவா மேலே கொண்டு போங்க. எடுத்த எடுப்புல காலுக்கு அடிச்சா எந்தக் குதிரையும் உதறும். முடி தோல் வரைக்கும் நனைஞ்ச பிறகு, சாதா குதிரை ஷாம்புவைக் கால் லிட்டர் தண்ணிக்கு ஒரு மேஜைக் கரண்டின்னு கரைச்சு ஸ்பாஞ்சால தடவி, விரல் நுனியால தேயுங்க. ரப்பர் சீப்பு ஹாக்குக்குக் கீழே வேண்டாம், எலும்பு மேலேயே தோல் இருக்கிற இடம் அது. மூணு நிமிஷம் விட்டு அலசுங்க. அலசின தண்ணி மஞ்சளா வந்தா இன்னொரு தடவை. தெளிவா வர்ற வரைக்கும் ஊதாவைத் திறக்காதீங்க.

ஊதா ஷாம்புவை நேரா முடியில ஊத்தக் கூடாது. மூணு காலுக்கு ரெண்டு மேஜைக் கரண்டியை அரை லிட்டர் தண்ணியில கரைச்சு, பிதுக்குற பாட்டில்ல எடுத்துக்கோங்க. முடி நனைஞ்சிருக்கணும், ஆனா தண்ணி சொட்டக் கூடாது. கையால வழிச்சு விட்டுட்டு ஆரம்பிங்க. காய்ஞ்ச முடியில கெட்டியாப் பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டா ஊதாவாகும். கறை அதிகமான இடத்துல முதல்ல போட்டு, அப்புறம் மத்த இடம். லேபிள்ல வேற நேரம் போட்டிருந்தா அதையே பிடிங்க. இல்லைன்னா 3 நிமிஷத்துல ஒரு சின்ன இடத்தை அலசிப் பார்த்துட்டு, தேவைன்னா 5 வரைக்கும் விடுங்க. நேரத்தைக் கூட்டினா வெள்ளை கூடாது, ஊதாதான் கூடும். கிளிப் பண்ணின குட்டை முடி இன்னும் சீக்கிரமாப் பிடிக்கும், அங்கே ரெண்டு நிமிஷமே போதும். கையுறை போட்டுக்கோங்க, நகக்கண்ணுல ஏறினா நாலு நாள் போகாது. தெரியாம ஊதா கூடிட்டா பதற வேண்டாம், சாதா ஷாம்புவால ரெண்டு தடவை கழுவினா பெரும்பாலும் இறங்கிடும். இதனாலதான் ஊதாவை ஷோவுக்கு முந்தின நாள் முதல் தடவையாப் போட்டுப் பார்க்கக் கூடாது. இந்த வாரமே ஒரு தடவை, சனிக்கிழமை ஒரு தடவை. அதுக்கு மேல போட்டா தோல் எண்ணெய் மொத்தமும் போயிடும்.

கடைசி அலசல்: ஒரு லிட்டர் தண்ணிக்கு 100 மில்லி வெள்ளை வினிகர். ஊத்தி, ஒரு நிமிஷம் விட்டு, திரும்பவும் வெறும் தண்ணி. மிச்சம் ஒட்டியிருக்கிற ஷாம்புவை இது எடுத்துடும். காய்ஞ்ச பிறகு சாம்பல் பூத்த மாதிரி மங்கலாத் தெரியறதுக்கும், புழுதி ஓடி வந்து ஒட்டிக்கறதுக்கும் பாதிக் காரணம் அலசாம விட்ட ஷாம்புதான். பொருக்கு உரிஞ்ச இடம், வெடிப்பு இருக்கிற இடத்துல வினிகர் படக் கூடாது, எரிச்சல்ல காலை வீசும்.

வேலை செய்யும்போது குத்துக்கால்ல உட்காருங்க. மண்டி போடாதீங்க, சம்மணமும் வேண்டாம். ஒரு கை எப்பவும் குதிரை கால்மேலேயே இருக்கட்டும். எடை மாத்துறது உங்க கைக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

வெண்கால்:

லாயவாசி அவர்கள் சொன்ன கழுவும் முறையோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். ஆனால் அந்தப் பொருக்கைக் கவனிக்காமல் இதில் எதையும் தொடங்க வேண்டாம்.

பின்குழியில் வரும் பொருக்கு பெரும்பாலும் மட் ஃபீவர். நீண்ட நேரம் ஈரமாக இருந்து தோல் ஊறி, டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியா உள்ளே நுழைவதால் வருவது. வெள்ளைக் காலுக்கு இது கூடுதலாகவே வரும். பூச்சி கடித்ததும், பூஞ்சையும்கூட இதே மாதிரி தெரியும். ஆகவே தினமும் ஷாம்பு போட்டு ஊறவைத்து, ஈரத்தோடு கட்டி வைப்பது நோய்க்கு நாமே இடம் போட்டுக் கொடுப்பதாகும்.

பொருக்கைக் காய்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். வலிக்கும், அடியில் பச்சைப் புண் திறக்கும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ள கழுவு திரவத்தை லேபிள் அளவுப்படி போட்டு 10 நிமிடம் விடுங்கள். ஊறித் தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுங்கள். நன்றாக அலசி, டவலால் ஒற்றி ஒற்றி முழுக்கக் காயவையுங்கள். குழியின் மடிப்புக்குள் விரலில் டவலைச் சுற்றி உள்ளேயும் ஒற்ற வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், முடியைப் பிரித்தால் அடியில் ஈரம் நிற்கும். எட்டு நாளில் சிறு பொருக்கு அடங்கிவிடும் வாய்ப்பு உண்டு. கால் வீங்கினாலோ, சூடாக இருந்தாலோ, நீர் வடிந்தாலோ, நொண்டினாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் ஷோவை மறந்துவிடுவதுதான் குதிரைக்கு நல்லது.

இன்னொன்றும் பாருங்கள். வெள்ளை இடத்தில் மட்டும் தோல் சிவந்து, தடித்து, பொருக்கு கட்டுகிறதா? பக்கத்துச் செந்நிறத் தோலில் ஒன்றும் இல்லையா? வெள்ளைக்கும் நிறத்துக்கும் இடையில் கோடு போட்ட மாதிரி நின்றால் அது வெயில் ஒவ்வாமையாக இருக்கலாம். சில செடிகளைத் தின்றாலும் வரும், கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தாலும் வரும். அப்படியானால் ரத்தப் பரிசோதனை வேண்டும். தோலுக்கு மேல் எதைப் பூசினாலும் காரணம் உள்ளேயே இருக்கும். உங்கள் குதிரைக்கு நிறக்கால் ஒன்று இருக்கிறதே, வலது முன்னங்கால். அதன் குழியையும் முடி பிரித்துப் பார்த்து ஒப்பிடுங்கள்.

கால்களில் தடவும் எந்தத் தைலத்துக்கும் லேபிளைப் படியுங்கள். சூடு கொடுக்கும் சில தைலங்களில் கேப்சைசின் (மிளகாயின் காரப்பொருள்) இருக்கும், அது போட்டியில் தடை செய்யப்பட்ட பொருள். 2008 ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது, தடை தாண்டும் குதிரைகள் நான்கின் பரிசோதனையில் இது தெரிய வந்து தகுதி இழந்தன. கறை எடுக்கிறேன் என்று கையில் கிடைத்த தைலத்தைத் தேய்க்க வேண்டாம்.

கடிவாளம்:

கிளிப்பர் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. பழைய மஞ்சள் முடி நுனியிலதான் அதிகம் நிக்கும். அதை எடுத்துட்டா பாதி வேலை முடிஞ்சது. அதனால என்னோட கருத்து, ஊதாவுக்கு முன்னாடி கிளிப்பர்.

10ஆம் நம்பர் பிளேடு, சுமார் 1.5 மில்லிமீட்டர் முடி விடும். முடி போற திசையிலேயே, மேலிருந்து கீழே ஓட்டுங்க. எதிர்த்திசையில ஓட்டினா இன்னும் குட்டையாகும், கோடு கோடாத் தெரியும். 30, 40 நம்பர் எடுக்கவே வேண்டாம். அரை மில்லிமீட்டரும் அதுக்குக் கீழேயும் வெட்டும், வெள்ளைக் கால் வெள்ளையா இல்லாம இளஞ்சிவப்பாத் தெரியும், வெயில்லயும் வேகும். வேலை இன்னிக்கோ நாளைக்கோ முடியணும். ஒரு வாரம் இருந்தா கோடுகள் மங்கி முடி படிஞ்சிடும். சனிக்கிழமை வெட்டினா ஒவ்வொரு கோடும் நடுவர் கண்ணுக்குத் தெரியும்.

கழுவிக் காயவெச்ச கால்ல மட்டும் ஓட்டுங்க. மண்ணோட ஓட்டினா பிளேடு ஒரு காலுக்குள்ளேயே மழுங்கிடும், அப்புறம் முடியை வெட்டாம இழுக்கும். பிளேடைப் புறங்கையில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருங்க. சூடாயிட்டா நிறுத்திடுங்க. மெல்லிய தோல்ல சூட்டுக் காயம் உடனே தெரியாது, மறுநாள் பொருக்கா எழும்பும். பொருக்கு இருக்கிற குழியைக் கிளிப் பண்ணாதீங்க. அது ஆறட்டும். சுத்தி இருக்கிற நீள முடியைக் கத்தரியால லேசாக் குறைச்சா காத்து போய் சீக்கிரம் காயும்.

ஹாக்குக்குக் கீழே வெள்ளை முடிஞ்சு செந்நிறம் ஆரம்பிக்கிற எல்லையிலேயே கிளிப்பரை வெச்சு ஆரம்பிச்சா அங்கே ஒரு படி மாதிரி நிக்கும். எல்லைக்கு ரெண்டு விரற்கடை மேலேயே, பிளேடைத் தோல்ல இருந்து தூக்கிப் பிடிச்சு ஆரம்பிச்சு, கீழே வர வரக் கொஞ்சம் கொஞ்சமாத் தோல்ல படிய விடுங்க.

கிளிப்பர் கையில இருக்கேன்னு முகத்துக்குப் போயிடாதீங்க. எஃப்.இ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) போட்டிகள்ல 2021 ஜூலையில இருந்து வாய், மூக்கு, கண்ணைச் சுத்தி இருக்கிற உணர்முடியை எடுத்த குதிரைக்குத் தடை. மத்த ஷோக்கள்ல என்ன விதின்னு உங்க அழைப்பிதழோட வந்த விதிகளைப் பாருங்க. பவுடர், சாக் (வெள்ளைச் சுண்ணத்தூள்) மாதிரி நிறம் கூட்டுற பொருளுக்கும் சில சங்கங்கள்ல தடை உண்டு, அதையும் சேர்த்தே பார்த்துக்கோங்க.

செங்குதிரை:

எல்லாருக்கும் நன்றிங்க. இப்பவே முடி பிரிச்சுப் பார்த்தேன், வலது முன்னங்கால் குழியிலயும் ரெண்டு பொருக்கு இருக்கு. வீக்கம், சூடு எதுவும் இல்லை. அப்போ வெயில் இல்லை, ஈரம்தான்னு நினைக்கிறேன். குளோர்ஹெக்சிடின்ல ஆரம்பிக்கிறேன்.

ராத்திரி விஷயம் மட்டும் இன்னும் தெளிவாகலை. பின்னங்காலுக்குப் பேண்டேஜ் இதுவரைக்கும் கட்டினதில்லை. ஷோ நடக்கிற மைதானம் புல் தரை, காலையில பனி இருக்கும்.

லாயவாசி:

நிறக்கால்லயும் இருக்குன்னா நல்ல செய்திதான். குளோர்ஹெக்சிடின் போடுற நாள்ல ஷாம்பு வேற போடாதீங்க, ஒரு நாளைக்கு ஒரே கழுவல்.

ராத்திரிக்கு முதல் பாதுகாப்பு படுக்கை. சனிக்கிழமை சாயந்திரம் ஈரமான படுக்கையை முழுசா வெளியே எடுத்துட்டு, தரை காய்ஞ்ச பிறகு புது மரச்சீவல் கனமாப் போடுங்க, சுவரோரம் இன்னும் உயரமா. வைக்கோலைவிடச் சீவல் சிறுநீரை நல்லா உறிஞ்சும். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாணம் அள்ளுங்க, விடியறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை. வழக்கமா வெளியில நிக்கிற குதிரைன்னா அன்னிக்கு மட்டும் அடைச்சு வெச்சாப் பதட்டத்துல சுத்திச் சுத்தி மிதிக்கும். ரெண்டு நாள் முன்னாடியே உள்ளே பழக்குங்க.

கட்டுற விஷயத்துல, பேண்டேஜ் பழகாத பின்னங்காலுக்கு முதல் தடவையா ஷோ முந்தின ராத்திரி கட்டாதீங்க. முதல் அடியிலேயே காலை உயரத் தூக்கி உதைக்கும், அவிழ்ந்து சுத்திக்கும். இன்னிக்கே 20 நிமிஷம் கட்டி, பிடிச்சுக்கிட்டு நடத்திப் பாருங்க. நாளைக்கு ஒரு மணி நேரம். ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க, படுக்கையை மட்டும் நம்புங்க.

கட்டறதுன்னா உள்ளே பஞ்சுத் திண்டு கட்டாயம். மடிப்பு, சுருக்கம் இல்லாம, ஹாக்குக்குக் கீழே இருந்து குளம்பு விளிம்பு வரை இறங்கணும், பின்குழியும் மூடும். பேண்டேஜ் எலும்புமேல ஆரம்பிச்சு, முன்பக்கமா வெளியே போய்ப் பின்பக்கம் உள்ளே வரணும். மேலிருந்து பார்த்தா, இடதுகாலுக்குக் கடிகாரத்துக்கு எதிர்த்திசை, வலதுகாலுக்குக் கடிகாரத் திசை. ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதியை மூடணும், இறுக்கம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரே இடத்துல இறுகினா பின்பக்கத் தசைநாருக்குச் சேதம். கட்டி முடிச்சதும் மேல் ஓரத்துல ஒரு விரல் நுழையணும். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க, 12 மணி நேரத்துக்கு மேல விடாதீங்க. கால் சொட்டு ஈரமில்லாமக் காய்ஞ்ச பிறகுதான் கட்டணும். ஈரத்தோட கட்டினா வெண்கால் சொன்ன அந்தப் பொருக்கு காலையில ரெட்டிப்பா நிக்கும்.

பனிப் புல்லுன்னா பவுடர் வேண்டாம். கார்ன்ஃப்ளார் ஈரம் பட்டா கூழாகி முடியோட ஒட்டி, அதுமேல புல்துண்டு எல்லாம் ஏறும். காய்ஞ்ச சுத்தமான கால்ல சிலிக்கோன் ஸ்பிரேயைப் பிரஷ்ல எடுத்துத் தடவுங்க, சனிக்கிழமை ராத்திரியே. தண்ணி, சேறு நழுவிடும். கால்ல மட்டும்தான். சேணம் படற இடத்துல பட்டா வழுக்கும். இது போட்டதுக்கு மேல பவுடர் நிக்காது, ஏதாவது ஒண்ணுதான்.

கடிவாளம்:

ஒரு சின்ன மறுப்பு. பனி ஏறுறது மைதானத்துக்குள்ளே போன பிறகுதான். நடுவர் முன்னாடி நிக்கிற வகுப்பு பனி காய்ஞ்ச பிறகுன்னா, விதி அனுமதிச்சா, சாக் பவுடர் ஈர முறையில போடறது ஸ்பிரேயைவிட நல்லாத் தெரியும். இளஞ்சிவப்பு தெரியற இடத்தையும் மூடும். ஈரமான ஸ்பாஞ்சால காலைத் துடைச்சு, பவுடரைக் கையால முடி வேர் வரைக்கும் தட்டி, முழுக்கக் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால உதறி எடுக்கணும். ஈரத்துல போட்டது வேர்ல பிடிச்சுக்கும். காய்ஞ்ச கால்ல தூவினது குதிரை ரெண்டு அடி எடுத்து வெச்சதுமே புகையாப் பறந்துடும். உதறுறப்போ தூள் குதிரை மூக்குப் பக்கம் பறக்காத மாதிரி காத்துத் திசை பார்த்துக்கோங்க. இதுக்கு முந்தின ராத்திரி சிலிக்கோன் போட்டிருக்கக் கூடாது, அது லாயவாசி சொன்னபடிதான்.

செந்நிறக் குதிரைக்கு இன்னும் ஒரு வேலை இருக்கு. எல்லைக்கு மேல செம்முடியில வெள்ளைத்தூள் படிஞ்சா அந்தக் கால் அழுக்காத்தான் தெரியும். பவுடர் தட்டும்போது ஒரு மடிச்ச துணியை எல்லைக் கோட்டுமேல வெச்சுப் பிடிங்க. முடிச்சதும், பிழிஞ்ச ஸ்பாஞ்சோட ஓரத்தால எல்லையை ஒட்டி, முடி போற திசையில ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்ச்சா வெள்ளை மேலே ஏறும், செம்மை கீழே இறங்கும்.

குளம்பு எண்ணெய், குளம்புக் கறுப்பு எல்லாத்துக்கும் கடைசி. பவுடர் முடிஞ்சு, குளம்பை ஈரத்துணியால துடைச்சுக் காயவிட்டு, பலகைமேலயோ சுத்தமான சிமெண்டுத் தரையிலயோ நிறுத்தி, சின்ன பிரஷ்ஷால தடவி, முடி முடியற விளிம்புக்கு ஒரு நூல் கீழேயே நிறுத்திக்கோங்க. எண்ணெய் வெள்ளை முடியில ஏறிட்டா புழுதி மொத்தமும் அங்கேதான் போய் ஒட்டும், அன்னிக்கு அதைக் கழுவி எடுக்க நேரமிருக்காது. மைதான ஓரத்துல கையில இருக்க வேண்டியது குழந்தைகளைத் துடைக்கிற ஈர டிஷ்யூ ஒரு பாக்கெட், காய்ஞ்ச டவல் ஒண்ணு. சேறு தெறிச்சா உடனே துடைக்காதீங்க, பரவும். பனி ஈரம்னா டவலால ஒத்தணும், சேறுன்னா காயவிட்டு விரலால உதிர்க்கணும், சாணம்னா மட்டும் உடனே டிஷ்யூ, அதுவும் ஓரத்துல இருந்து நடுவுக்கு.